மண்ணைப் படித்த பிறகு தோண்டுவோம்

ஒரு தொழிற்சாலை எழுவதற்கு முன் அந்த இடத்துக்கு முதலில் வந்து சேர்வது பொக்லைன் இயந்திரம். அது மேட்டை வெட்டுகிறது, பள்ளத்தை நிரப்புகிறது. மண் போதாவிட்டால் வேறோர் இடத்திலிருந்து லாரி லாரியாகக் கிராவல் வந்து இறங்குகிறது. சில வாரங்களில் நிலம் மேசைப் பலகைபோல் சமமாகிவிடும். அதன் பிறகுதான் தூண்களும் கூரையும். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் பகுதி மாணவர்களுக்கு இது பழகிய காட்சி. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டில் கார் உற்பத்தி தொடங்கியது. அன்று முதல் இந்த வட்டாரத்தில் மண் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது.

அதை வெறும் மண் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் அதில் மிகப் பழைய கணக்கு ஒன்று பதிவாகியிருக்கிறது. அந்தக் கணக்கைப் படிக்கும் வழிகளை வானியலும் குவாண்டம் இயற்பியலும் மரபணுவியலும் அண்மைக் காலத்தில் நமக்குக் கற்றுத் தந்துள்ளன. இந்தப் புதிய முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு: மண் கலையாமல் இருக்க வேண்டும். ஆகவே, தோண்டுவதற்கு முன் மண்ணைப் படிக்க வேண்டும் என்பதே இங்கே நான் வற்புறுத்த விரும்பும் கருத்து. தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அதையும் தொடக்கத்திலேயே தெளிவாக்கிவிடுகிறேன்.

ஒரகடத்துக்கு அருகே

2022ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டத்தினர், ஒரகடத்துக்கு அருகிலுள்ள வடக்குப்பட்டு என்னும் சிற்றூரில் அகழாய்வு செய்தனர். மேல் அடுக்குகளில் வரலாற்றுக் காலப் பானை ஓடுகளும் மணிகளும் கிடைத்தன. அவற்றுக்குக் கீழே கற்கருவிகள் கிடைத்தன. அவை 12,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று அப்போது செய்தித்தாள்கள் எழுதின. கார்களும் லாரிகளும் கைப்பேசிகளும் உருவாகும் இதே வட்டாரத்தில், கல்லைத் தட்டிக் கருவி செய்தவர்களும் வாழ்ந்திருக்கிறார்கள்!

இது தற்செயலான செய்தியன்று. இந்தியாவில் பழைய கற்கால ஆராய்ச்சி தொடங்கியதே இங்கிருந்து சிறிது தொலைவில்தான். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங் என்பவரும், இன்று திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள அதிரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர்.

பல்லாவரத்துக் கல் எங்கே கிடைத்தது தெரியுமா? கட்டுமான வேலைக்காகச் சரளை தோண்டிய ஒரு குழியில்! அந்தக் குழியைத் தோண்டியவர்கள் பழைய கற்காலத்தைத் தேடவில்லை. ஆனால் பார்க்கத் தெரிந்த ஒருவர் அவ்வழியே வந்தார், உற்றுப் பார்த்தார். மண் வெட்டும் வேலை பழமையை அழிக்கவும் கூடும், காட்டவும் கூடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? எது நடக்கும் என்பது அங்கே பார்க்கத் தெரிந்த கண் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

எத்தனை ஆண்டு? எப்படித் தெரியும்?

ஃபூட் அந்தக் கல்லைக் கையில் எடுத்து, இது மனிதன் செய்த கருவி என்று சொல்ல முடிந்தது. எத்தனை ஆண்டுப் பழமையானது என்று சொல்ல அவரிடம் எந்த அளவுகோலும் இல்லை. வடிவத்தைக் கொண்டு, 'இது முந்தியது, அது பிந்தியது' என்று வரிசைப்படுத்தலாம். ஆண்டுக் கணக்கை வடிவம் தராது.

ஆண்டு சொல்லும் கடிகாரங்களுள் நீங்கள் பாடத்தில் படித்தது கார்பன்-14 முறை. உயிருள்ள பொருள்கள் இறந்தபின் அவற்றிலுள்ள கார்பன்-14 சிதைந்து குறைகிறது. 5,730 ஆண்டுகளில் பாதியாகிறது. ஆனால் இந்தக் கடிகாரத்துக்கு இரண்டு குறைகள் உண்டு. கரி, எலும்பு, நெல் போன்று உயிரிலிருந்து வந்த பொருளே அதற்கு வேண்டும். கல்லிடம் அது பேசாது. மேலும், சுமார் 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் எண்ணுவதற்குப் போதிய கார்பன்-14 மிஞ்சுவதில்லை.

அப்படியானால் கல்லின் வயதை யார் சொல்வது?

விண்மீன் தந்த கடிகாரம்

1912ஆம் ஆண்டில் விக்டர் ஹெஸ் என்ற அறிஞர் பலூனில் ஏறி 5,000 மீட்டர் உயரத்துக்கும் மேலே சென்று, விண்வெளியிலிருந்து ஊடுருவும் கதிர்கள் பூமிக்கு வருகின்றன என்று கண்டார். அவற்றையே காஸ்மிக் கதிர்கள் என்கிறோம். இவற்றில் பெரும்பாலானவை புரோட்டான்கள். வெடித்துச் சிதறிய பெரிய விண்மீன்களின் மிச்சங்களில் இவை வேகம் பெறுகின்றன என்பதற்கு, விண்வெளியில் சுற்றும் ஃபெர்மி தொலைநோக்கி 2013ஆம் ஆண்டில் நல்ல சான்று அளித்தது. நம் உதகமண்டலத்தில் கிரேப்ஸ்-3 என்னும் ஆய்வுக்கூடம் இக்கதிர்கள் உண்டாக்கும் மியூவான் துகள்களை இரவும் பகலும் எண்ணிக்கொண்டிருக்கிறது. இதை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதும் உங்கள் உள்ளங்கை வழியே வினாடிக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் கடந்து போகிறது.

காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது நியூட்ரான்களும் தெறிக்கின்றன. அவை நிலத்தில் கிடக்கும் குவார்ட்ஸ் கல்லைத் தாக்குகின்றன. குவார்ட்ஸ் என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்தது. தாக்குதலில் சில சிலிக்கான் அணுக்கள் அலுமினியம்-26 ஆகவும், சில ஆக்சிஜன் அணுக்கள் பெரிலியம்-10 ஆகவும் மாறுகின்றன. ஒரு கிராம் குவார்ட்சில் ஓர் ஆண்டுக்குச் சில பெரிலியம் அணுக்கள். அலுமினியம் ஏறத்தாழ அதைப்போல் ஏழு மடங்கு. அவ்வளவுதான்.

இனி கணக்கைக் கவனியுங்கள். அந்தக் கல் வெயிலில் கிடக்கும் வரை இரண்டும் ஏழுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேருகின்றன. வெள்ளம் வந்து அதன்மேல் பல மீட்டர் மண்ணைப் படியவைத்துவிட்டது என்று கொள்வோம். நியூட்ரான்கள் அந்த ஆழத்துக்கு எட்டுவதில்லை. புதிய அணுக்கள் உண்டாவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. உள்ளவை சிதையத் தொடங்குகின்றன. அலுமினியம்-26இன் அரை ஆயுள் சுமார் 7 லட்சம் ஆண்டு. பெரிலியம்-10இன் அரை ஆயுள் சுமார் 14 லட்சம் ஆண்டு. ஒன்று விரைவாகவும் மற்றொன்று மெதுவாகவும் குறைவதால் விகிதமும் குறைகிறது. 14 லட்சம் ஆண்டுகளில் அலுமினியம் கால் பங்காகிறது. பெரிலியம் அரைப் பங்காகிறது. ஆகவே ஏழுக்கு ஒன்று என்பது மூன்றரைக்கு ஒன்று ஆகிறது. விகிதத்தை அளந்தால் கல் புதைந்து எத்தனை காலம் ஆயிற்று என்று தெரிந்துவிடும்.

சொல்வது எளிது, அளப்பது கடினம். ஒரு கிராம் குவார்ட்சில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையை எழுத, 1 என்ற எண்ணுக்குப் பின் 22 சுழியங்கள் இட்டாலும் போதாது. அவற்றுக்கிடையே சில லட்சம் அணுக்களைத் தேடி எண்ண வேண்டும். இதற்குத் துகள் முடுக்கியோடு இணைந்த நிறை நிறமாலைமானி பயன்படுகிறது. இத்தகைய வசதி நம் நாட்டில் புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தில் உள்ளது.

அதிரம்பாக்கத்தில் 1999ஆம் ஆண்டு முதல் சென்னை சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தைச் சேர்ந்த சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அகழாய்வு செய்து வருகின்றனர். பிரெஞ்சு ஆய்வாளர்களுடன் சேர்ந்து அவர்கள் இந்த முறையில் ஆறு கற்கருவிகளை அளந்தனர். முடிவு 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று: சராசரியாக 15.1 லட்சம் ஆண்டு. கூடுதல் குறைவு 70,000 ஆண்டு. இதை அவர்கள் தனியே விட்டுவிடவில்லை. பூமியின் காந்தப் புலம் அவ்வப்போது வடக்கு தெற்காகத் தலைகீழாகிறது. அப்போது படியும் களிமண்ணில் அந்தத் திசை பதிந்துவிடுகிறது. அந்தக் காந்தப் பதிவையும் பார்த்தனர். அடுக்கு குறைந்தது 10.7 லட்சம் ஆண்டுப் பழமையானது என்று அது சொல்லிற்று. ஒன்றையொன்று சாராத இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போயின. கைக்கோடரி செய்யும் திறன் இந்தியாவுக்கு மிகவும் பிந்தித்தான் வந்தது என்று பலர் கொண்டிருந்த கருத்து இதனால் மாறியது.

இருட்டில் சேரும் கணக்கு

இரண்டாவது கடிகாரம் மணல் துகளுக்குள் இருக்கிறது. மண்ணில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை மிகச் சிறிய அளவில் உள்ளன. இவற்றின் கதிர்வீச்சு, குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் ஆகிய படிகங்களிலுள்ள எலக்ட்ரான்களைத் தட்டி எழுப்புகிறது. படிகம் எங்கும் குறையற்றதாக இருந்தால் அவை உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் இயற்கைப் படிகத்தில் ஓர் அணு இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். அல்லது வேறோர் அணு நுழைந்திருக்கும். இந்தக் குறைகள் எலக்ட்ரானுக்குப் பொறிகளாகின்றன. இருட்டில் புதைந்திருக்கும் வரை பொறிகளில் எலக்ட்ரான்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். சூரிய ஒளி பட்டால் பொறி திறந்துகொள்ளும்; கணக்கு சுழியாகிவிடும்.

ஆய்வுக்கூடத்தில் மங்கலான சிவப்பு விளக்கின் கீழ் அந்த மணலை எடுத்து, அதன்மீது குறிப்பிட்ட நிற ஒளியையோ அகச்சிவப்புக் கதிரையோ பாய்ச்சுகிறார்கள். சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் விடுபடும்போது மணல் மெல்ல ஒளிர்கிறது. ஒளிர்வை அளந்தால் மணல் பெற்ற மொத்தக் கதிர்வீச்சு தெரியும். எடுத்துக்காட்டாக, மொத்தம் 60 கிரே என்றும், அந்த மண் ஆயிரம் ஆண்டுக்கு 3 கிரே வீதம் தருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 60ஐ 3ஆல் வகுத்தால் 20. மணல் புதைந்து 20,000 ஆண்டு ஆயிற்று.

அதிரம்பாக்கத்தின் மேல் அடுக்குகளை இவ்வாறு அளந்தவர்கள் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தினர். கைக்கோடரியைக் கைவிட்டு, சிறிய, நுட்பமான கருவிகளுக்கு மக்கள் மாறிய காலம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018ஆம் ஆண்டில் வெளியான முடிவு கூறிற்று. இதன் கூடுதல் குறைவு 64,000 ஆண்டு.

இன்று எங்கும் பேசப்படும் குவாண்டம் தகவலியலுக்கும் படிகத்தின் குறைக்கும் தொடர்பு உண்டு. வைரத்தில் ஒரு கார்பன் அணு இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன் அமர்ந்து, பக்கத்து இடம் காலியாக இருந்தால், அங்கே தங்கும் எலக்ட்ரானின் சுழற்சி நிலையைக் கொண்டு தகவலைப் பதிக்கவும், மிகச் சிறிய காந்தப் புலத்தை அளக்கவும் முடிகிறது. மணலில் நடப்பது வெறும் சேமிப்பு; வைரத்தில் நடப்பது மிக மென்மையான குவாண்டம் நிலையைச் சிறிது நேரம் கலையாமல் காப்பது. இரண்டும் வேறு வேறுதான். ஆயினும் படிகத்தின் குறை ஒரு பதிவேடாகிறது என்ற கருத்து இரண்டுக்கும் பொது. 2023ஆம் ஆண்டில் மத்திய அரசு 6,003 கோடி ரூபாய்க்குமேல் ஒதுக்கித் தேசியக் குவாண்டம் இயக்கத்தைத் தொடங்கியது. அதில் குவாண்டம் தகவல் தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்துள்ளது. நாளை இத்துறையில் பணியாற்றப் போகிறவர்கள் இன்று பள்ளியில் படிக்கும் நீங்கள்தான்.

மரபணு ஏன் பேசவில்லை?

அந்தக் கருவிகளைச் செய்தவர்கள் யார்? மரபணு ஆராய்ச்சி இதற்கு விடை சொல்லும் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். அதன் வளர்ச்சி அத்தகையது. மனித ஜீனோமை முதன்முதலில் படிக்க 13 ஆண்டுகள் ஆயின. அப்பணி 2003ஆம் ஆண்டில் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது. இன்று ஒருவரின் ஜீனோமை ஓரிரு நாளில் படித்துவிடலாம். நம் நாட்டின் ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 பேரின் ஜீனோம்கள் படிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அழிந்துபோன நியாண்டர்தால் மனிதரின் ஜீனோமைப் படித்த ஸ்வாந்தே பேபோ 2022ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். எலும்பே இல்லாமல், குகை மண்ணிலிருந்து மட்டும் பழைய மனிதரின் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க முடியும் என்று 2017ஆம் ஆண்டில் காட்டப்பட்டது.

ஆனால் டி.என்.ஏ. குளிரில் வாழும், வெப்பத்திலும் ஈரத்திலும் உடையும். கிரீன்லாந்தின் உறைமண்ணில் 20 லட்சம் ஆண்டுப் பழைய டி.என்.ஏ.கூடக் கிடைத்தது. நம் நாட்டில் அரியானாவிலுள்ள ராக்கிகடியில், நாலாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று முற்பட்ட கல்லறைகளிலிருந்து 60க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தனர். பயன் தரும் அளவுக்கு டி.என்.ஏ. கிடைத்தது ஒன்றே ஒன்றில்! அந்த முடிவு 2019ஆம் ஆண்டில் வெளியாயிற்று. காஞ்சிபுரம் மாவட்டத்து வெயிலும் மழையும் நமக்குத் தெரியும். அதிரம்பாக்கத்தில் மனித எலும்பும் கிடைக்கவில்லை.

நம் இனமாகிய ஹோமோ சேப்பியன்சின் மிகப் பழைய எலும்புகள் ஆப்பிரிக்காவில் கிடைத்தவை; அவை சுமார் 3 லட்சம் ஆண்டுப் பழமையானவை. அதிரம்பாக்கத்தின் முதல் கைக்கோடரிகளோ 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை. ஆகவே அவற்றைச் செய்தவர்கள் நமக்கு முந்திய வேறொரு மனித இனம். அவர்கள் விட்டுச் சென்ற ஒரே கையெழுத்து கல்லும், அது கிடக்கும் மண்ணும்தான். குளிர் நாட்டில் மண்ணை அழித்துவிட்டாலும் டி.என்.ஏ. ஓரளவு கைகொடுக்கலாம். நமக்கு அந்த வசதி இல்லை. ஆதலால் மற்ற நாட்டாரைவிட நாம் நம் மண்ணிடம் கூடுதல் கவனம் காட்ட வேண்டியிருக்கிறது.

கடிகாரம் எங்கே இருக்கிறது?

இப்போது ஒரு கேள்வி. மேலே சொன்ன கடிகாரங்கள் எங்கே இருக்கின்றன? கல்லில் மட்டுமா? இல்லை. கல் எவ்வளவு ஆழத்தில், எத்தகைய மண்ணுக்கடியில் புதைந்திருந்தது என்று தெரிந்தால்தான் அலுமினியக் கணக்கைச் சரியாகப் போட முடியும். சுற்றியுள்ள மண்ணின் கதிர்வீச்சும் ஈரமும் தெரிந்தால்தான் ஒளிர்வுக் கணக்கைப் போட முடியும். காந்தத் திசையை அறிய மண் அசையாமல் இருக்க வேண்டும். பொக்லைன் ஒரு வாளி மண்ணை அள்ளி வெயிலில் கொட்டும் அந்த நொடியில் மணலின் கணக்கு அழியத் தொடங்கிவிடுகிறது. கல் மிஞ்சும், அதன் காலம் மிஞ்சாது. லாரியில் ஏறிய கைக்கோடரி வெறும் அழகிய கல்.

ஃபூட் வாழ்ந்த காலத்தில் கல்லை எடுத்து அருங்காட்சியகத்தில் வைப்பதே பாதுகாப்பு என்று கருதினார்கள். அன்று அது சரி. இன்று மண்ணையும் படிக்க முடிகிறது என்பதால் பாதுகாப்பின் பொருளே மாறிவிட்டது. சட்டமோ இன்னும் பின்தங்கியே நிற்கிறது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 15 லட்சம் ஆண்டுக் கல்லுக்குச் சந்தையில் என்ன விலை? கடையில் யாரும் ஒரு ரூபாய்கூடத் தரமாட்டார்கள். பழைய சின்னங்களைக் காக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டமோ, பாதுகாக்கப்பட்டவை என ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட இடங்களைத்தான் காக்கிறது. இன்னும் யாரும் பார்க்காத இடத்தை எப்படி அறிவிப்பது?

தடையன்று, ஒரு பார்வை

'எல்லா நிலத்தையும் அகழாய்வு செய்துகொண்டிருந்தால் வேலை நடக்குமா? பிள்ளைகளுக்கு வேலை வாய்ப்பு வேண்டாமா?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிவது தொழிற்சாலைச் சம்பளத்தால். ஆகவே நான் கேட்பது மூன்று எளிய ஏற்பாடுகளை மட்டுமே.

முதலாவது, எந்தத் தொழிற்சாலைக்கும் அடித்தளம் போடுமுன் துளையிட்டு மண் பரிசோதனை செய்கிறார்கள். எந்த ஆழத்தில் களிமண், எந்த ஆழத்தில் சரளை என்ற விவரம் அதில் இருக்கிறது. அந்த விவரத்தின் ஒரு படியைத் தொல்லியல் துறைக்கு அனுப்பினால் போதும். செலவு ஒரு தபால் தலை. எங்கே பழைய சரளை அடுக்கு இருக்கிறது என்ற வரைபடம் தானாகவே உருவாகிவிடும்.

இரண்டாவது, தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தவுடன், பொக்லைன் வருவதற்கு முன், பயிற்சி பெற்றவர்கள் சில நாள் அந்த நிலத்தை நடந்து பார்க்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் ஒன்றும் இராது, வேலை தொடரலாம். ஏதேனும் இருந்தால், அந்த மூலையில் மட்டும் ஒரு குழி வெட்டி, மாதிரிகளை எடுத்துக்கொண்டு, பிறகு இடத்தை விட்டுவிடலாம்.

மூன்றாவது, கிராவல் எடுக்கும் குழிகளையும் இதில் சேர்க்க வேண்டும். பல்லாவரத்துக் கல் செம்மண் சரளையில்தான் இருந்தது. மேடு நிரப்புவதற்காக நாம் வாங்கும் சரளையே பழைய கற்காலத்தின் இருப்பிடமாக இருக்கலாம்.

இவை நடைமுறைக்கு ஒவ்வாத கனவுகள் அல்ல. பிரான்சில் 2001ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் செய்து, கட்டுமானத்துக்கு முந்திய அகழாய்வுக்கென்று 2002இல் ஒரு தேசிய நிறுவனத்தையும் அமைத்தார்கள். அங்கே சாலைகளும் தொழிற்சாலைகளும் நின்றுவிடவில்லை. தமிழ்நாட்டிலும் தோண்டிய பொருளை அளந்து பார்க்கும் பழக்கம் வேரூன்றிவிட்டது. 2025 ஜனவரியில் வெளியான 'இரும்பின் தொன்மை' அறிக்கைக்காக, தூத்துக்குடி மாவட்டம் சிவகளை முதலிய இடங்களின் மாதிரிகளைக் கார்பன் முறையிலும் ஒளிர்வு முறையிலும், ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுக்கூடங்களில் சோதித்தனர். அத்தகைய அளவீடு பழைய கற்காலத்துக்கும், ஒரகடத்துக்கும் கிடைக்க வேண்டும். வடக்குப்பட்டுக் கருவிகள் 12,000 ஆண்டுப் பழமையானவையா, அதைவிட மிகவும் பழமையானவையா என்பதை அங்குள்ள மண்ணே சொல்லட்டும்.

உங்கள் பங்கு

மாணவர்களே! உங்களால் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு.

வயலிலோ ஏரிக்கரையிலோ வெட்டிய பள்ளத்தின் ஓரத்திலோ, இருபுறமும் சில்லுகள் தெறித்து விளிம்பு கூர்மையான கல் ஒன்றைக் கண்டால், அதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அருகில் ஒரு பேனாவை அளவுக்காக வைத்துப் படம் எடுங்கள். இடத்தையும் நாளையும் ஆழத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். கல் மண்ணுக்குள் பதிந்திருந்ததா, மேலே கிடந்ததா என்று குறியுங்கள். பிறகு ஆசிரியர் மூலமாகத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். வேலை நடக்கும் குழிக்குள் இறங்காதீர்கள். சரியும் மண் உயிருக்கு ஆபத்து. கண்ணைப் பழக்க வேண்டுமானால் எழும்பூர் அருங்காட்சியகத்திலும் பூண்டியிலுள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்திலும் உண்மையான கருவிகளைப் பாருங்கள். எல்லாக் கூரிய கல்லும் கருவியல்ல என்பதை அங்கே கற்கலாம்.

இன்னொன்று. இந்த வட்டாரத்தில் உங்கள் அண்ணனோ அக்காவோ இயந்திரப் பகுதிகளை அளக்கும் வேலையில் இருக்கலாம். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். 25 மில்லிமீட்டர் என்று மட்டும் எழுதிய வரைபடத்தை எந்தப் பட்டறையும் ஏற்காது. கூடுதல் குறைவு எவ்வளவு, அதாவது டாலரன்ஸ் எவ்வளவு என்றும் எழுதியிருக்க வேண்டும். பழமையைப் பற்றிய செய்தியையும் நீங்கள் அப்படியே படியுங்கள். 'இத்தனை ஆயிரம் ஆண்டு' என்று யாராவது சொன்னால், எந்தக் கடிகாரத்தால் அளந்தார்கள், கூடுதல் குறைவு எவ்வளவு, வேறொரு கடிகாரம் ஒத்துக்கொண்டதா என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நம் ஊரின் பெருமை பேசும் செய்தியாக இருந்தால் இன்னும் கண்டிப்பாகக் கேளுங்கள். விருப்பம் அளவுகோலாகிவிடக் கூடாது.

புவியியலாளர்கள் இவ்வட்டாரத்துப் பாறைப் படிவு ஒன்றுக்கு ஸ்ரீபெரும்புதூர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். டைனோசர்கள் வாழ்ந்த காலத்துச் செடிகளின் இலை அச்சுகள் அதில் உள்ளன. அதன் மேலே கற்கருவிகள். அவற்றின் மேலே பானை ஓடுகள். எல்லாவற்றுக்கும் மேலே இன்றைய தொழிற்சாலைகள். மேல் அடுக்கைக் கட்டுவது நம் உரிமை. கீழ் அடுக்குகளைப் படிக்காமலே கலைத்துவிடும் உரிமை நமக்கு இல்லை. அடுத்த தொழிற்பேட்டைக்கு நிலம் அளக்கும்போது, அங்கே தொல்லியல் அறிந்த ஒருவரும் உடன் நடக்க வேண்டும் என்று உங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தின் சார்பில் மாவட்டக் கலெக்டருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள்.